மேசையிலிருந்து இறங்கினேன், கண் பிழைத்தது

நான்கு வருடம் முன்பு என் இடது இமை தொங்கிப் பாதிக் கண்ணை மறைத்தது. செந்துறையில் எங்கள் குடும்பத்துக்கு வெகுகாலமாக வைத்தியம் பார்க்கும் டாக்டர், தோலை வெட்டித் தானே தைத்துவிடுவதாகச் சொன்னார். வேறு இடம் போனால் அவர் மனம் நோகுமே என்று நானும் போய்ப் படுத்துவிட்டேன். அதுதான் என் தப்பு.

பேனாவால் இமையில் கோடு போட்டபோது, "இதுக்கு முன்னாடி எத்தனை பேருக்கு இமை தச்சிருக்கீங்க சார்?" என்று கேட்டேன்.

"எத்தனை காயம் தச்சிருக்கேன். இதுவும் தோலுதாம்மா," என்றார்.

இறங்கிவிட்டேன்.

"நம்ம டாக்டரை இப்படியா அவமானப்படுத்துறது?" என்று என் கணவர் பஸ் ஸ்டாண்டு வரை திட்டினார்.

"நீங்க வேணா போய்ப் படுங்க," என்றேன்.

திருச்சியில் இமை அறுவை சிகிச்சைக்கென்றே படித்த கண் டாக்டரைத் தேடிப் போனோம். இமையைத் தூக்கும் தசைதான் உள்ளே தளர்ந்திருக்கிறது என்றார். தோலை வெட்டியிருந்தால் கண்ணை மூடவே முடியாமல் போயிருக்குமாம். அந்தத் தசையை அவரே இழுத்துத் தைத்துச் சரிசெய்தார்.

இப்போது பல் பிடுங்குவதென்றாலும், என்ன படித்தீர்கள், எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள் என்று கேட்காமல் நான் உட்காருவதில்லை. காய்ச்சலுக்கு இன்றும் செந்துறை டாக்டரிடம்தான் போகிறேன். முகம் கொடுத்துப் பேசாமல்தான் ஊசி போடுகிறார். போடட்டும். அவர் கோபம் எனக்கு இரண்டு கண்ணிலும் நன்றாகத் தெரிகிறது.