அண்ணன் வண்டி, அவர் இன்ஜின்

என் அண்ணனுக்குத் தெருவில் வைத்திருக்கும் பெயர் 'அப்படியா'. யார் எதைச் சொன்னாலும் அவன் வாயில் முதலில் வருவது அந்த ஒரு வார்த்தைதான். மழை வரும் என்றாலும் அப்படியா, வராது என்றாலும் அப்படியா. இரண்டையும் ஒரே மரியாதையோடு கேட்டுக்கொண்டு, குடையை எடுப்பதா வேண்டாமா என்று வாசலில் நிற்பான். கல்யாணத்துக்கும் இரண்டு இடத்தில் பேச்சு வந்தது. எது என்று இவன் முடிவு செய்வதற்குள் அந்த இரண்டு பெண்களுக்கும் வேறு இடத்தில் கல்யாணம் முடிந்துவிட்டது.

தொழிலில் மட்டும் குழப்பம் கிடையாது. கடையிலிருந்து புதுக் கட்டடங்களுக்குக் கண்ணாடி கொண்டுபோகிறவன். பிக்கப்பின் பின்பக்கம் கூரை மாதிரி ஒரு மரச்சட்டம் இருக்கும். அதற்குப் பழைய கம்பளி சுற்றி, ஆளுயரக் கண்ணாடிகளை இரண்டு பக்கமும் சாய்த்துக் கட்டுவான். பள்ளம் மேடு தெரியாமல் ஓட்டுவான். இருபது வருஷத்தில் அவன் கையில் உடைந்தது மூன்றே கண்ணாடி. அந்த மூன்றும் எந்தத் தெருவில், எந்தத் திருப்பத்தில் என்று இன்றைக்கும் சொல்வான்.

வண்டி அப்பா வாங்கியது. என்னைவிட வயதில் மூத்தது. உருண்டை விளக்குகள், மூன்று பேர் உட்காரும் ஒரே நீள சீட், இரண்டு தடவை சாத்தினால்தான் மூடும் கதவு. அப்பாவுக்குப் பிறகு அதன் பெட்ரோல் இன்ஜின் உயிரை விட்டது. அப்போது எனக்குக் கல்யாணமான புதிது. என் கணவர் டீசல் மெக்கானிக். நசுங்கிப்போன தன்னுடைய வேனிலிருந்து இன்ஜினைக் கழற்றி, மூன்று வாரம் மல்லுக்கட்டி, இந்த பிக்கப்பில் உட்கார வைத்தார். ஆக உடம்பு எங்கள் வீட்டுடையது, இன்ஜின் அவருடையது. அவை இரண்டும் ஒத்துப்போய்விட்டன. நாங்கள் இருவரும்தான் ஒத்துப்போகவில்லை.

ஆறு வருஷம் பார்த்துவிட்டுப் பிரிந்து வந்தேன். அடித்தாரா என்று கேட்டார்கள், இல்லை. குடித்தாரா, இல்லை. வேறு பெண்ணா, சேச்சே. அப்புறம் என்னதான் உனக்குக் கேடு என்று உறவெல்லாம் என்னைக் குடைந்தெடுத்தது. அண்ணன் மட்டும் எதுவும் கேட்கவில்லை. "அவர் பேச மாட்டார்ணா" என்று நானாகவே ஒருநாள் சொன்னேன். "அப்படியா" என்றான். இதற்கா ஒருத்தி வீட்டைவிட்டு வருவாள் என்று அவன் முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது. மாடி அறையைக் காலி செய்து எனக்குக் கொடுத்தான், என் பக்கம் நின்றான், ஆனால் எதற்காக நிற்கிறோம் என்று தெரியாமல் நின்றான். அது எனக்கு வலித்தது. மற்றவர்கள் என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளட்டும், இவன் ஒருவனுக்காவது புரிய வேண்டும் என்று இரண்டு வருஷமாக ஏங்கிக்கொண்டிருந்தேன்.

சாமான்களைப் பிரித்தபோது பீரோ எனக்கு வந்தது, தையல் மிஷின் எனக்கு, ஃபேனும் கட்டிலும் அவருக்கு. இன்ஜின் யாருக்கும் நினைவில் இல்லை. ஒரு மாதம் கழித்து அண்ணனுக்குத்தான் உறைத்திருக்கிறது. பட்டறைக்கே போய், கழற்றிக்கொள்கிறீர்களா என்று கேட்டானாம். "ஓடட்டும் மச்சான்" என்றாராம் அவர். அன்றிலிருந்து மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கு வந்து, இன்ஜினுக்கு ஆயில் பார்த்துவிட்டுப் போவார். நான் மாடியைவிட்டு இறங்க மாட்டேன்.

இதில் அண்ணனுக்கு ஒரு பெரிய சிக்கல். அவர் கோர்ட், கையெழுத்து எதையும் கண்டுகொள்ளாமல் பழையபடி மச்சான் என்றே கூப்பிட்டுக்கொண்டிருந்தார். இவனுக்கு மாப்ளே என்று கூப்பிட வாய் வரவில்லை. தங்கச்சி விட்டுவிட்டு வந்தவரை எப்படி மாப்ளே என்பது? பேர் சொல்லிக் கூப்பிட்டும் பழக்கமில்லை. யோசித்து யோசித்துக் கடைசியில் "ஏங்க" என்று ஆரம்பித்தான். ஏங்க, இந்த ஸ்பேனரைப் பிடிங்க. ஏங்க, காபி குடிக்கறீங்களா. நான் ஆறு வருஷம் கூப்பிட்ட அதே ஏங்க. மாடியில் இருந்தபடி அதைக் கேட்க எனக்குச் சிரிப்பும் வரும், எரிச்சலும் வரும்.

போன வருஷம் மேட்டுப் பக்கம் புது வீடுகள் எழும்பத் தொடங்கின. பாதை செங்குத்து. கண்ணாடி ஏற்றிய வண்டி இரண்டாவது கியரில் முக்கி முனகி, பாதி மேட்டில் முதல் கியருக்கு இறங்கும், பின்னால் வருகிறவர்கள் ஹாரனிலேயே அண்ணனைத் திட்டுவார்கள். அதைக் கேட்டு அவர்தான் டர்போ வைத்துவிடலாம் என்றார். பழைய இரும்புக் கடையில் அளவு பொருந்துகிற ஒன்றைத் தேடிப் பிடித்துக்கொண்டும் வந்தார்.

வெளியே போகிற புகை ஒரு சின்னச் சக்கரத்தைச் சுழற்றும், அதோடு சேர்ந்த இன்னொரு சக்கரம் சுற்றி இன்ஜினுக்குள் காற்றைத் திணிக்கும், காற்று கூடினால் இழுவை கூடும். இவ்வளவுதான் டர்போ என்று அவர் விளக்கினார். அப்படியா என்றான் அண்ணன். வெளியே போன புகை எப்படி உள்ளே வேலை செய்யும் என்று எனக்கு அன்று முழுக்க மண்டை காய்ந்தது. அவனுக்கும் காய்ந்திருக்க வேண்டும், சாப்பிடும்போது தட்டில் விரலால் இரண்டு வட்டம் போட்டுக்கொண்டிருந்தான்.

மாதம் ஒரு ஞாயிறு இப்போது எல்லா ஞாயிறும் ஆனது. அந்த இன்ஜின் டர்போவோடு பிறந்ததல்ல. டர்போவுக்கு ஆயில் போக ஒரு குழாய், திரும்பி வர ஒரு குழாய், திரும்புகிற குழாய் சரிவாகவே இறங்க வேண்டும், இல்லாவிட்டால் ஆயில் தேங்கிப் புகையும். பிக்கப்பின் அடிச்சட்டமோ அந்த வழியை மறித்துக்கொண்டு நின்றது. இதையெல்லாம் எனக்கு யாரும் உட்காரவைத்துச் சொல்லவில்லை. ஜன்னல் வழியாகக் காதில் விழுந்ததுதான். அவர் பேசினார். நான்கு மணி நேரம் பேசினார். குழாயைப் பற்றி, வெல்டிங் பற்றி, தன் முதலாளி கற்றுத்தந்த ஒரு தந்திரத்தைப் பற்றி. நடுவில் சிரிக்கக்கூடச் செய்தார். நான் பல் டாக்டரிடம் வரவேற்பில் வேலை பார்க்கிறேன். அந்த ஆறு வருஷமும், வாய் திறந்திருந்தும் பேச முடியாதவர்களை நாள் முழுக்கப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தால், வாய் இருந்தும் பேசாத ஒருவர் இருப்பார். அந்த மனிதர் இவர்தானா? எனக்குப் பொறாமையாக இருந்தது. ஒரு குழாய்க்குக் கிடைத்தது எனக்குக் கிடைக்கவில்லையே என்று அழுகைகூட வந்தது. இதைப் பார்க்கிற அண்ணன் என்னைப் பற்றி என்ன நினைப்பான்?

ஒருவழியாக டர்போ உட்கார்ந்தது. இருவரும் மேட்டுக்குப் போய்விட்டு வந்தார்கள். மூன்றாவது கியரிலேயே ஏறிவிட்டதாம். முதலில் பழைய வண்டிதான், கொஞ்சம் வேகம் பிடித்ததும் யாரோ பின்னாலிருந்து தள்ளுகிற மாதிரி இருக்கிறது என்று அண்ணன் வீடு முழுக்கச் சொல்லிக்கொண்டு நடந்தான். வீட்டில் இருந்தது நான் ஒருத்திதான். வேலை முடிந்தது, இனி மாதம் ஒரு ஞாயிறு போதும், அதுவும் குறைந்துவிடும் என்று எனக்கு ஒரு நிம்மதி.

அடுத்த சனிக்கிழமை வண்டி மேட்டில் கரும்புகை கக்கிக்கொண்டு நின்றது. டர்போவிலிருந்து இன்ஜினுக்குப் போகிற ரப்பர் குழாய் பிடுங்கிக்கொண்டிருந்தது. ஞாயிறு அவர் வந்தார், குழாயை மாட்டி, அதை இறுக்கிப் பிடிக்கிற கிளாம்ப்பை முடுக்கினார். அதற்கடுத்த வாரமும் அதே குழாய். புது கிளாம்ப் போட்டார், மறுபடியும் கழன்றது. குழாயையே மாற்றினார், அதுவும் கழன்றது. நாலு வாரம். ஏன் என்று தலையும் புரியவில்லை வாலும் புரியவில்லை. இன்ஜின் அதிகமாக ஆடுகிறதோ என்று அண்ணன் கவலையாகக் கேட்பான். அவர் குனிந்து பார்த்துக்கொண்டே இருப்பார்.

ஒரு சனிக்கிழமை டாக்டருக்கு உடம்பு சரியில்லை என்று மதியமே வீட்டுக்கு வந்துவிட்டேன். பிக்கப்பின் பானட் திறந்திருந்தது. அண்ணன் ஸ்க்ரூ டிரைவரோடு குனிந்திருந்தான். நான் போய்ப் பக்கத்தில் நின்றதுகூடத் தெரியவில்லை. கிளாம்ப்பின் திருகாணியை இடது பக்கம் திருப்பிக்கொண்டிருந்தான். கால் சுற்று. யோசித்தான். இன்னொரு கால் சுற்று.

"அண்ணா."

திருதிருவென்று விழித்தான். இல்லை, டைட் பண்ணத்தான் பார்த்தேன் என்று பூசி மெழுகினான். நான் திருகாணியைப் பார்த்தேன், அவனைப் பார்த்தேன். ஸ்க்ரூ டிரைவரைச் சட்டையிலேயே துடைத்தான்.

"வேலை முடிஞ்சா அவர் வரமாட்டாரும்மா," என்றான். "எனக்கு வேற யாரு இருக்கா பேச?"

எனக்குக் கோபம் வந்தது, அதோடு பாவமாகவும் இருந்தது, எது முந்தியது என்று சொல்லத் தெரியவில்லை. அவ்வளவு கண்ணாடியைச் சாய்த்துக் கட்டிக்கொண்டு, பாதி மேட்டில் இழுவை போய்விடும் என்று தெரிந்தே வண்டி எடுத்திருக்கிறான். மூன்று கண்ணாடிக்கு இருபது வருஷம் வருத்தப்படுகிறவன்.

மறுநாள் ஞாயிறு அவர் வந்ததும், இரண்டு வருஷத்தில் முதல் தடவையாகக் கீழே இறங்கினேன். கிளாம்ப் தானாகக் கழலவில்லை, அண்ணன்தான் கழற்றுகிறான் என்று நேராகச் சொன்னேன். அண்ணன் தரையைப் பார்த்தான். அவர் முகத்தில் ஆச்சரியமே இல்லை. திருகாணியின் தலையிலிருந்து கிளாம்ப் வரைக்கும் ஓடுகிற ஒரு மஞ்சள் பெயிண்ட் கோட்டைக் காட்டினார். கோடு உடைந்து இரண்டாக விலகியிருந்தது.

"முடுக்கினதும் மார்க் போட்டுடுவேன். முதல் வாரமே தெரியும்," என்றார்.

"தெரிஞ்சா சொல்றதுக்கென்ன?"

துணியை எடுத்துச் சுத்தமான கையையே துடைத்துக்கொண்டிருந்தார். அந்த மௌனத்தை எனக்கு நன்றாகத் தெரியும். கண்ணாடி ஏற்றுகிற வண்டியில் இந்த விளையாட்டு வேண்டாம், அண்ணனைப் பார்க்க வேண்டுமென்றால் வேலை இல்லாமலே வந்துபோங்கள், நான் ஒன்றும் நினைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு மாடிக்கு ஏறிவிட்டேன்.

அடுத்த ஞாயிறு பத்து மணிக்கு வந்தார். டூல் பாக்ஸ் இல்லை. இஸ்திரி போட்ட சட்டை. அண்ணன் அவரை முன்னறையில் உட்காரவைத்தான். நான் உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்தேன், கதவு பாதி திறந்திருந்தது. வேலை எப்படிப் போகிறது என்று அண்ணன் கேட்டான். ம் என்றார். வெயில் ஜாஸ்தியாக இருக்கிறதில்லையா என்றான். ம். பட்டறைக்கு மேலே தகரம் மாற்றப்போவதாகச் சொன்னீர்களே என்றான். தலையாட்டினார். பிறகு அண்ணனிடமும் கேள்வி தீர்ந்துவிட்டது. அப்படியா என்று சொல்லவாவது எதிரே இருப்பவர் ஏதாவது சொல்ல வேண்டுமே. காபி ஆறியது. ஃபேன் சத்தம் மட்டும் கேட்டது. இடித்த புளி மாதிரி உட்கார்ந்திருந்தார், கெட்டவராக இல்லை, கோபமாக இல்லை, சும்மா. அண்ணன் நாற்காலியில் முன்னால் நகர்ந்தான், பின்னால் சாய்ந்தான், காலண்டரைப் பார்த்தான், ஒரு தடவை எழுந்து ஜன்னலைச் சாத்திவிட்டு மறுபடி திறந்தான். அவன் தொண்டையைச் செருமிச் செருமி விடுவது எனக்குக் கேட்டது. ஒரு மணி நேரமும் பத்து நிமிஷமும் கழித்து, வரேன் மச்சான் என்று அவர் எழுந்துபோனார்.

அண்ணன் அப்படியே உட்கார்ந்திருந்தான். நான் டம்ளர்களை எடுக்க வந்தேன். என்னை நிமிர்ந்து பார்த்தான். அவன் முகத்தில் குழப்பம் இல்லாமல் நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"தினமும் இப்படித்தானா இருந்துச்சு உனக்கு?"

நான் தலையாட்டினேன்.

"ஆறு வருஷமா?"

அவன் எழுந்துவந்து என் கையிலிருந்த டம்ளர்களை வாங்கிக்கொண்டான். தானே கழுவினான். கழுவியதையே மறுபடி கழுவினான்.

"அவரும் பாவம்தாண்ணா," என்றேன் நான். "கையில வேலை இருந்தாத்தான் அவருக்குப் பேச்சு வரும். நாளைக்கு வண்டியோட வைப்பர் மோட்டாரைக் கழட்டிப் போடு. நீ ஏத்துற கண்ணாடிக்கு ஒண்ணும் ஆகாது."