யன்னலோரத்துப் போத்தல்

புதிய பள்ளிக்கூடத்தில் முதல் நாளே விஞ்ஞான ஆசிரியை ஒரு சப்பாத்துப் பெட்டியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். நாலு பக்கமும் நாடா ஒட்டியிருந்தது. திறக்கக் கூடாது, குலுக்கலாம், சாய்க்கலாம், காது வைத்துக் கேட்கலாம். உள்ளே என்ன இருக்கிறதென்று காரணத்தோடு சொல்ல வேண்டும். உருளுகிற சத்தத்தை வைத்து நான் மாபிள் குண்டு என்றேன். பக்கத்தில் இருந்த ஹெயிட்டிப் பிள்ளை பென்சில் துண்டு என்றாள். மணி அடித்ததும் ஆசிரியை பெட்டியைத் தூக்கி அலுமாரிக்கு மேல் வைத்துவிட்டுப் போய்விட்டார். திறக்கவே இல்லை. எனக்கு மண்டை காய்ந்துவிட்டது.

வீட்டில் அம்மாவிடம் சொன்னேன்.

“அப்ப உள்ளுக்குள்ள என்னதான் இருந்தது?”

“தெரியா அம்மா. திறக்கல்ல.”

“இதென்ன பள்ளிக்கூடம் புள்ள!” என்றார். ஆனால் அதற்குப் பிறகு நான் வீட்டுக்குள் காலை வைத்ததும், “பெட்டியைத் திறந்தாங்களா?” என்று கேட்காத நாள் குறைவு.

அது அரசாங்கப் பள்ளிக்கூடம்தான். ஆனால் நகரம் முழுவதிலுமிருந்து பிள்ளைகளைத் தெரிந்தெடுத்து, ஆறாம் வகுப்புக்குப் பிறகு விஞ்ஞானத்தை விசேடமாகப் படிப்பித்தார்கள். நாங்கள் மட்டக்களப்பிலிருந்து மொன்றியலுக்கு வந்து அகதி விசாரணைக்குக் காத்திருந்த காலம். புதிதாக வந்த பிள்ளைகளுக்குப் பிரெஞ்சு சொல்லிக்கொடுக்கும் வகுப்பில் என் கணக்கைப் பார்த்துவிட்டு அங்கே அனுப்பினார்கள். அதுவும் தற்காலிகமாக. குளிர்காலத்தில் ஒவ்வொரு பிள்ளையும் சொந்தமாக ஒரு பரிசோதனை செய்து, பெற்றோர் பார்த்திருக்க விளக்க வேண்டும். அது சரிவந்தால் நான் இருக்கலாம். பிழைத்தால் அஹுன்ட்சிக் பகுதியில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடம். எனக்கோ அந்த இடத்தை விட்டுப் போக மனமில்லை. ஊரில் வாத்தியாரிடம் ‘ஏன்’ என்று கேட்டால் வாய்க்கொழுப்பு என்பார்கள். இங்கே கேட்காவிட்டால்தான் முறைத்துப் பார்த்தார்கள். அப்படி ஓர் இடம் எனக்கு வேறு எங்கே கிடைக்கும்?

நான் எடுத்தது தயிர். அம்மா பாலைக் காய்ச்சி, உறைமோர் விட்டு, ஹீட்டருக்குப் பக்கத்தில் வைப்பார். விடியும்போது கத்தியால் வெட்டலாம் போல இறுகியிருக்கும். மேல்மாடியில் இருந்த யாழ்ப்பாணத்து அக்கா லேசில் யாரையும் புகழமாட்டார். ஞாயிறு பூசை முடிந்து வரும்போது எங்கள் கதவைத் தட்டி, “தயிர் கிடக்கோ?” என்று கேட்பார். அம்மாவுக்கு அதுவே பெரிய விருது.

உறைவதற்கு ஏன் சூடு வேண்டும் என்பதுதான் என் கேள்வி. ஒரே பால், ஒரே உறைமோர், ஒரே மாதிரி ஜாம் போத்தல் மூன்று. ஒன்று ஹீட்டருக்குப் பக்கத்தில், ஒன்று அலுமாரிக்குள், ஒன்று பனி பூத்த யன்னலோரத்தில். எது எங்கே இருந்தது என்று பிரெஞ்சில் எழுதிய காகிதத் துண்டுகளைப் பள்ளிக்கூடப் பசையால் ஒட்டினேன். யன்னல் போத்தல் பாலாகவே இருக்கும் என்று வகுப்பில் காட்டும் அட்டையில் முன்கூட்டியே எழுதியும் விட்டேன். மிச்சப் பாலை வீட்டுப் பாவனைக்கென்று அம்மா வேறு ஜாம் போத்தல்களில் ஊற்றி ஹீட்டரடியில் வைத்தார். விளக்க வேண்டிய வெள்ளிக்கிழமை காலையில் நான் வெளிக்கிடுவதற்குள் மூன்று போத்தலையும் துவாயில் சுற்றிப் பையில் வைத்திருந்தார்.

அப்பா புவாண்ட்-கிளேரில் பண்டகசாலை வேலைக்குப் போய்விட்டார். சேலைக்கு மேல் தடித்த கோட்டுப் போட்டுக்கொண்டு அம்மாதான் பள்ளிக்கூடத்துக்கு வந்தார். ஆசிரியை என் மேசைக்கு வந்ததும் துவாயை அவிழ்த்தேன். மூன்றும் கட்டித் தயிர்.

ஆசிரியை யன்னல் போத்தலைக் கவிழ்த்துப் பார்த்தார். ஒரு சொட்டும் அசையவில்லை. “உன் அட்டை பால் என்கிறது. போத்தல் தயிர் என்கிறது. நான் எதை நம்ப?” என்று கேட்டார்.

எல்லாம் போச்சு என்றுதான் நினைத்தேன். ஆனால் கை சும்மா இருக்கவில்லை. போத்தலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். காகிதத் துண்டின் மூலையில் ஏதோ புடைத்திருந்தது. நகத்தால் நெம்பினேன். நசுங்கிய சோற்றுப் பருக்கை.

மொன்றியலில் காகிதத்தைச் சோற்றால் ஒட்டுகிற ஆள் யார் என்று கண்டுபிடிக்க விஞ்ஞானம் தேவையில்லை. திரும்பினேன். அம்மா கோட்டுப் பொத்தானைப் பூட்டுவதும் கழற்றுவதுமாக நின்றார்.

“அம்மா, போத்தலை மாத்தினீங்களா?”

“ஓம்.” குரல் உள்ளே போய்விட்டது. “ரெண்டு போத்தல் உறையல்ல. அதான் காகிதத்த வீட்டுத் தயிர்ப் போத்தலுக்கு மாத்தி ஒட்டினன். தண்ணியாக் கிடந்த பாலைச் சபையில கொண்டுபோய் வைக்கிறதா? தயிர் உறைய வைக்கத் தெரியாதவட புள்ள எண்டு சொல்ல மாட்டாங்களா?”

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள். என் அம்மா ஒரு பருக்கைக்குப் பின்னால் மறைக்கப் பார்த்திருக்கிறார். கோபம் வந்தது, அதைவிட அழுகை வந்தது. பொய் சொல்லித் தப்பலாம்தான், ஆனால் என்ன பொய் சொல்வதென்றும் தெரியவில்லை. அம்மா சொன்னதை அப்படியே பிரெஞ்சில் சொல்லி, பருக்கையையும் காட்டினேன்.

ஆசிரியை சிரிக்கவில்லை. பருக்கையை விரலில் எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். “அந்த உறையாத பால் இப்போது எங்கே?”

அம்மாவிடம் கேட்டேன். “வீணாக்கலாமா? யன்னல் போத்தல், அலுமாரிப் போத்தல் ரெண்டையும் ஹீட்டருக்குப் பக்கத்தில வெச்சிட்டு வந்தன்.”

“உறையுமா?” என்றார் ஆசிரியை.

“தெரியாது” என்றேன். அந்த வார்த்தையை ஒரு ஆசிரியையின் முகத்தைப் பார்த்து நான் சொன்னது அதுதான் முதல் தடவை.

“நல்லது. போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல். அதற்குப் பிறகு முடிவு சொல்கிறேன்.”

அம்மாவும் நானும் பஸ்ஸில் வீட்டுக்குத் திரும்பினோம். இறங்கியதும் என்னை முந்திக்கொண்டு, சேலையைத் தூக்கிப் பிடித்தபடி பனிக்குள் ஓட்டமும் நடையுமாகப் போனார். சப்பாத்தையும் கழற்றாமல் ஹீட்டரடிக்குப் போய் யன்னல் போத்தலைச் சாய்த்தார். இறுகியிருந்தது.

“அப்ப உறைமோர் சாகல்ல, புள்ள” என்றார். “குளிருக்குச் சும்மா முடங்கிக் கிடந்திருக்கு.”

திங்கட்கிழமை யன்னல் போத்தலும் உறைந்துவிட்டது என்று சொல்லி, அம்மா சொன்ன காரணத்தையே பிரெஞ்சில் சொன்னேன். ஆசிரியை என்னைப் பார்த்து, “நீ இங்கேயே இருக்கலாம்” என்றார். சந்தோசத்தில் எனக்குப் பிரெஞ்சு மறந்துபோய், “ஓம்” என்றேன்.

அடுத்த ஞாயிறு மேல்மாடி அக்கா வந்து தயிர் கேட்டார். அம்மா யன்னலோரத்திலிருந்து ஒரு போத்தலை எடுத்து, வெளியே தெரியாமல் துவாயால் சுற்றி அவர் முன்னால் வைத்தார்.

“திறக்கப்படாது அக்கா. குலுக்கிப் பார்த்திட்டுச் சொல்லுங்க, இது உறைஞ்சிருக்கா இல்லையா?”