மணமக்கள் நுழைந்தபோது அணைந்த லேப்டாப்

என் மகள் கவிதா திருமண விருந்துகளில் லேப்டாப்பில் பாட்டுப் போடும் டிஜே. மலேசியாவின் கிள்ளான் நகரில் ஒரு விருந்தில் மணமக்கள் மண்டபத்துக்குள் நுழைந்த வேளையில், மெலிதாக இருக்கிறதென்று நாங்கள் ஆசைப்பட்டு வாங்கிய அவளது லேப்டாப் சூடேறி அணைந்துவிட்டது. உதவிக்குப் போயிருந்த நான் மின்கம்பியைப் பிடுங்கிப் பிடுங்கிச் செருகினேன்.

அவளோ மைக்கை எடுத்து, வாசலில் நின்ற உருமி மேளக் குழுவிடம், "அண்ணே, நீங்க அடிங்க லா, பொண்ணு மாப்பிள்ள உங்களோடதான் வராங்க" என்றாள். மேளம் முழங்க, மண்டபமே எழுந்து ஆடியது.

மணப்பெண்ணின் அப்பா என்னிடம், "அக்கா, இந்த என்ட்ரி உங்க மகள் பிளானா? சொல்லவே இல்லையே" என்றார். பெருமையோடு தலையாட்டினேன்.

இப்போது, சரிவராவிட்டால் திருப்பி எடுத்துக்கொள்ளச் சம்மதிக்கும் கடையில்தான் லேப்டாப் வாங்குகிறோம். மதிய வெக்கையில், மின்விசிறி இல்லாத எங்கள் கார் நிறுத்துமிடத்தில் ஒரு விருந்து நேரம் முழுக்கத் தடையில்லாமல் பாடினால்தான் அது கவிதாவின் மேடைக்குப் போகும்.