மாப்பிள்ளையின் ஆராய்ச்சியும் எங்கள் கோழிகளும்

என் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும். கோழிப் பண்ணையில் வேலை செய்கிறவனுக்கு அது போதும் என்று இத்தனை காலம் விட்டுவிட்டேன். தோட்டத்துப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவன், ல, ள, ழ மூன்றும் இன்றும் என்னை ஏமாற்றும். படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

மாப்பிள்ளையை நினைத்தால் முதலில் என் கண்ணுக்கு வருவது அவருடைய மடிக்கணினிதான். டாக்டர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்த அவர், மகள் பிரசவத்துக்கு வந்திருந்தபோது ரெங்கத்தில் எங்கள் வீட்டில் தங்கினார். சாப்பாட்டு மேசையில் பாதி அவருக்கு, பாதி அந்தக் கணினிக்கு. நான் கூச்ச சுபாவம். மாப்பிள்ளை எதிரில் உட்கார்ந்தால் சோறுகூட சத்தமில்லாமல்தான் மெல்லுவேன். அவர் பேசுவார், நான் "ம்" என்பேன். அதனாலேயே என்னைப் பெரிய சிந்தனையாளர் என்று நினைத்துக்கொண்டார் போலிருக்கிறது, தன் ஆராய்ச்சியை எனக்கு விளக்க ஆரம்பித்தார்.

உலகத்தில் சில கணினி நிரல்கள் இலவசமாம். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், யார் வேண்டுமானாலும் திருத்தம் அனுப்பலாம். அதைப் பார்த்துச் சேர்க்கிறவர்களுக்குச் சம்பளம் கிடையாது, வேலை முடிந்து வந்து செய்கிற தொண்டர்கள். கோயில் அன்னதானத்தில் யாரும் போய்க் காய் நறுக்கலாம் அல்லவா, அப்படி. மாப்பிள்ளை செய்தது என்னவென்றால், நல்ல திருத்தம் போலவே ஒன்றை எழுதி, உள்ளே, கெட்டவர்கள் புகுந்து கணினியை ஆட்டிவைக்கக்கூடிய ஒரு ஓட்டையை ஒளித்து அனுப்பிவிட்டார், கண்டுபிடிக்கிறார்களா என்று பார்க்க.

"கண்டுபிடிக்கல மாமா! ரொம்ப நன்றின்னு சொல்லி சேத்துக்கிட்டாங்க!"

நான் "ம்" என்றேன். மாப்பிள்ளையிடம் நேரில் பேசாத என் மனைவி, அடுப்படியிலிருந்து அவர் காதில் விழும்படி என்னிடம் பேசினாள்.

"ஏங்க, அன்னதான சாம்பார்ல கல்லைப் போட்டுட்டு சமையல்காரர் பாக்கறாரான்னு நிக்கறதுக்குப் பேரு படிப்பாங்க?"

"அத்தை, கெட்டவங்களும் இப்படித்தான் அனுப்புவாங்க. முன்கூட்டியே சொன்னா உஷாராயிடுவாங்க, உண்மை தெரியாது. கட்டுரை வந்ததும் நானே சொல்லிடுவேன்."

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. பூட்டு நல்ல பூட்டா என்று யாராவது பார்க்கத்தானே வேண்டும்? எனக்கு அதற்கு மேல் யோசிக்கத் தெரியவில்லை. ஆனால் கணினித் திரையில் அந்த நிரலின் சின்னமாகத் தொப்பி போட்ட ஆமைப் படம் ஒன்று இருந்தது. தினமும் பார்க்கிற ஆமை. வாய் தானாகத் திறந்துவிட்டது.

"இந்த ஆமை எங்க கொட்டகையிலயும் இருக்கு மாப்பிள்ளை."

"எங்க?"

"காத்தாடிய ஓட்டற பெட்டியில."

மூடிய கோழிக் கொட்டகையில் பகலில் காற்றாடிகள் நின்றால் கொஞ்ச நேரத்தில் கோழிகள் வெந்து சரியும். இதைச் சொல்லி முடிப்பதற்குள் மாப்பிள்ளை முகம் வெளுத்தது.

"அலமாக்! வாங்க மாமா, போலாம்!"

அவர் கட்டியிருந்தது என் கைலி. அதோடு மோட்டார் சைக்கிளில் என் பின்னால் ஏறிக்கொண்டார். பண்ணை வாசலில் மருந்துத் தண்ணீரில் கால் நனைத்து, ரப்பர் காலணி மாட்டி, ஒரு கையில் கணினியும் மறு கையில் கைலியுமாக உள்ளே ஓடினார். கோழிகள் எல்லாம் கழுத்தை நீட்டி அவரையே பார்த்தன. பெட்டியின் திரையை அழுத்தி அழுத்திப் பார்த்தவர் திடீரென்று கத்தினார்.

"பழசு மாமா! ரொம்பப் பழசு! என்னோடது இன்னும் இதுல வரல!"

பண்ணை முதலாளி தவுக்கேயின் மகன் பெட்டியை மாட்டிவிட்டுப் போனதோடு சரி, புதுப்பிக்கவே இல்லை. அந்தச் சோம்பேறித்தனம் கோழிகளைக் காப்பாற்றியது. மாப்பிள்ளை என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். எங்கள் குடும்பத்தில் அப்படி வழக்கமில்லை, கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றேன்.

ஆனால் மற்ற ஊர்ப் பெட்டிகள்? தீவன மூட்டை மேல் உட்கார்ந்து, அங்கேயே அந்தத் தொண்டர்களுக்கு உண்மையை எழுதி அனுப்பினார். ஓட்டையை அன்றே எடுத்துவிட்டார்கள். அதோடு அவருடைய கல்லூரியிலிருந்து இனி யார் எது அனுப்பினாலும் வாங்குவதில்லை என்றும் முடிவு செய்தார்கள். எங்கோ குளிர் நாட்டில் இருக்கிற அவர்களுடைய பெரியவர், "நீங்கள் சோதித்தது நிரலை அல்ல, எங்களை. எங்களைக் கேட்கவில்லை" என்று எழுதியிருந்தாராம். மாப்பிள்ளையின் பேராசிரியர் அவரைக் கத்தினார். கட்டுரை போயிற்று, பட்டமும் தள்ளிப்போயிற்று. மகள் அறையிலிருந்து வந்து என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்பா, அவர்கிட்ட அப்படி என்னதான் சொன்னீங்க?"

"ஆமைன்னு சொன்னேன்மா."

அவள் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

இப்போது மாப்பிள்ளை வேறு ஆராய்ச்சி செய்கிறார். முதலில் கேட்கிறார், சரி என்பவர்களிடம் மட்டும் சோதிக்கிறார். போன மாதம் பேரனோடு வந்தவர், எங்கள் பண்ணைப் பெட்டியில் ஓட்டை இருக்கிறதா என்று பார்க்கலாமா என்று தவுக்கேயிடம் அனுமதி கேட்கப் போனார். நான் வெளியே நின்றேன். தவுக்கே மலாயில் உரக்கப் பேசுவது கேட்டது. கொஞ்ச நேரத்தில் மாப்பிள்ளை வெளியே வந்தார்.

"என்ன சொன்னாரு மாப்பிள்ளை?"

"முடியவே முடியாதாம் மாமா. அவரு கோழி, அவரு பெட்டி லா" என்று சிரித்தார்.

கொட்டகையைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் வண்டியில் ஏறிக்கொண்டார். நான் அன்றைக்கு "ம்" என்று சொல்லவில்லை. "நல்லது மாப்பிள்ளை" என்றேன்.

எழுதியது, தீபாவளிக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை.