பார்வையற்ற மாணவர்களுக்கு மட்டும்

எனக்குக் கண் தெரியாது. பாடப் புத்தகத்தை போன்தான் எனக்கு வாசிச்சுக் காட்டும். அடுத்த வாரம் பரீட்சை.

மூணு மாசமா நடையா நடந்தப்புறம், இன்னைக்குக் காலையில காலேஜ் லைப்ரரி சார் கூப்பிட்டார். "உன் இ-புக் ரெடிம்மா, வந்து வாங்கிக்கோ."

மண்ணூர்பேட்டையிலிருந்து ரெண்டு பஸ் மாறிப் போனேன். அங்கேயே போன்ல ஏத்தி, சத்தமா ஓட விட்டேன்.

"பார்வையற்ற மாணவர்களுக்கு மட்டும்."

அடுத்த பக்கம். "பார்வையற்ற மாணவர்களுக்கு மட்டும்."

கடைசிப் பக்கம் வரைக்கும் இதேதான்.

புத்தகத்தைப் பக்கம் பக்கமா போட்டோ எடுத்து வெச்சிருக்காங்க. என் போன் போட்டோவை வாசிக்காது. ஒவ்வொரு பக்கத்தடியிலும் டைப் அடிச்சிருந்த அந்த ஒரு வரியைத்தான் வாசிச்சுது.

"எழுத்தெல்லாம் பளிச்சுனு கீதேம்மா"ன்னார் சார்.

"யாருக்கு சார்?"ன்னேன்.

"கூடப் படிக்கிற யாரையாவது வாசிச்சுக் காட்டச் சொல்லு. இதுக்குப் போயி இம்மாங் கோவமா?"

சொல்லிக்கிட்டே ரிஜிஸ்டரை என் கையில வெச்சார். இ-புக் ரொம்ப உபயோகமா இருந்துச்சுனு ரெண்டு வரி எழுதணுமாம்.

பையிலிருந்து பிரெயில் ஸ்லேட்டை எடுத்தேன். ஒரு தாள்ல ரெண்டு வரி குத்தி, ரிஜிஸ்டருக்குள்ள வெச்சு நீட்டினேன்.

"இன்னாம்மா இது, வெறும் புள்ளியா கீது? நான் எப்டி படிப்பேன்?"

"கூட வேலை செய்யற யாரையாவது வாசிச்சுக் காட்டச் சொல்லுங்க சார். இதுக்குப் போயி இவ்ளோ கோவமா?"

என்ன எழுதியிருப்பேன்னு கமென்ட்ல சொல்லுங்க பார்ப்போம். பாராட்டு இல்லைங்கிறது மட்டும் க்ளூ.