முழுச் சாட்சி

"விசுவாசத்தோட கேட்டேன், கர்த்தர் கொடுத்தார். இத மட்டும் சொல்லுங்கம்மா. காய்ச்சலுக்குக் கொடுத்த கொயினா மருந்தப் பத்திப் பேச்சே எடுக்காதீங்க" என்றார் உபதேசியார். அடுத்த வாரம் வெள்ளைக்காரப் பாதிரியார் வந்து எனக்கு ஞானஸ்நானம் கொடுப்பதாக இருந்தது. அதற்குமுன் சபை நடுவே எழுந்து நின்று, கர்த்தர் எனக்குச் செய்ததை நான் சாட்சியாகச் சொல்ல வேண்டும். அதில் உபதேசியாருக்குத் திருப்தி இல்லையென்றால் ஞானஸ்நானம் இல்லை.

சொல்வதற்கு விஷயம் இருந்தது. என் மகள் குளிர்காய்ச்சலில் கிடந்து பிழைத்திருந்தாள். ஆனால் சிராங்கூன் சாலை மாட்டுக்கொட்டகைகளுக்குப் பின்னால் நாங்கள் இருந்த மாடியில், பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் இன்னொரு பெண் குடியிருந்தாள். அவளும் எங்கள் சபைதான். அவள் மகனுக்கும் அதே காய்ச்சல். ஒரே புட்டிக் கொயினாவை இருவரும் பங்கிட்டுக் கொடுத்தோம். அதே உபதேசியார்தான் இரண்டு பிள்ளைகள் தலையிலும் கைவைத்து ஜெபித்தார். அவள் மகன் போய்விட்டான். அடக்கம் முடிந்ததும் சபையில் ஒரு பேச்சுக் கிளம்பியது. அவளுக்கு விசுவாசம் போதவில்லையாம். கேட்டதும் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

ஞாயிறன்று புறப்படும்போது என் கணவர், "ஒனக்கு நாக்குல சனி. இன்னிக்கு ஒருநாளாவது அடக்கி வாசி" என்றார். ஞானஸ்நானம் வாங்கி இத்தனை வருஷமாகியும் அவரைச் சனி விடவில்லை.

என் முறை வந்தது. எழுந்தேன். பயம்தான், ஒளிப்பானேன்? இந்தக் கர்த்தருக்காகப் பிறந்த வீட்டையே பகைத்துக்கொண்டவள் நான். சபையும் கைவிட்டால் அங்கும் இல்லை, இங்கும் இல்லை. பெண்கள் பாயின் ஓரத்தில், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, மகனைப் பறிகொடுத்த அவள் உட்கார்ந்திருந்தாள்.

"விசுவாசத்தோட கேட்டேன்" என்று ஆரம்பித்தேன். உபதேசியார் தலையை ஆட்டினார். அடுத்துச் சொல்ல வேண்டியது, 'கர்த்தர் கொடுத்தார்'. அதைச் சொன்னால், அவள் பிள்ளை போனதற்கு அவள்தான் காரணம் என்று சபை நடுவே நானே சொன்னதாகிவிடும்.

"அவளும் கேட்டா" என்றேன். "பலகைக்கு அந்தப் பக்கம் ராப்பூரா அவ அழுது கேட்டது என் காதுல விழுந்துச்சு. நான் பாதியில தூங்கிட்டேன். அவ தூங்கல. ரெண்டு பேரும் ஒரே மருந்துதான் கொடுத்தோம். எம்புள்ள பொழச்சுது, அவ புள்ள போயிடுச்சு. ஏன்னு எனக்குத் தெரியல. தெரியாமத்தான் கர்த்தர நம்புறேன்."

உபதேசியாரின் முகம் கறுத்துவிட்டது. "உக்காருங்க. ஒங்க ஞானஸ்நானத்தப் பத்தி அப்புறம் பாக்கலாம்" என்றார். என் கணவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பாயில் வந்து உட்கார்ந்தேன். செய்தது சரி என்ற தெளிவெல்லாம் அப்போது இல்லை, அழுகைதான் முட்டியது. அவள் நகர்ந்து என் பக்கத்தில் வந்தாள். மகனை அடக்கம் செய்ததிலிருந்து யாரிடமும் வாய் திறக்காதவள், என் காதோரம் குனிந்து கேட்டாள்:

"அக்கா, அப்போ எம்மேல தப்பு இல்லையா?"