காலையில் கட்டச் சொன்னவர்

பந்தலூர்ப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் நர்ஸாக இருந்தபோது, வயதான ஒருவரை ஜன்னல் கம்பியோடு சேர்த்துக் கட்டிப்போட்டிருந்ததை ஒரு மத்தியான வேளையில் பார்த்தேன். எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. இன்னும் அந்த முடிச்சு கண்ணை விட்டுப் போகவில்லை.

தேயிலை விலை படுத்துக் கிடந்த காலம் அது. எங்கள் தோட்டத்து ஃபேக்டரியைப் பூட்டிவிட்டார்கள். பறித்த கொழுந்தை லாரியில் ஏற்றி, பள்ளத்துக்கு அந்தப் பக்கம் இருந்த வேறொரு ஃபேக்டரிக்கு அனுப்பினார்கள். டாக்டர் வாரத்துக்கு ஒரு தடவை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போவார். மற்ற நாட்களில் டிஸ்பென்சரியில் நான்தான் டாக்டர், நான்தான் ஆயா. இரண்டு நாள் வேலைக்கு வராவிட்டால் பேரை அடித்துவிடலாம் என்று ஆபீஸ் காத்துக்கொண்டிருந்ததால், காய்ச்சல்காரர்கள்கூட மாத்திரையை வாயில் போட்டுக்கொண்டு மலை ஏறினார்கள்.

நான் கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரி. வாய் கொஞ்சம் நீளம், கோபம் அதைவிட நீளம். நர்சிங் பள்ளியில் படித்ததை எல்லாம் வேதம் என்று நம்புகிற வயசு வேறு. சாயங்காலம் கொழுந்து நிறுத்து முடிந்ததும் பெண்களை உட்காரவைத்து, பிறந்த குழந்தை முதல் வயசானவர்கள் வரைக்கும் யாருக்கு வீட்டில் என்ன ஆபத்து என்று படம் காட்டிப் பாடம் நடத்துவேன். மருந்தடிக்கிற விஷத்தைக் கூல்டிரிங்க்ஸ் பாட்டிலில் ஊற்றி வைக்காதீங்க, மாசமா இருக்கிறவங்க பாசி பிடிச்ச படியில குடம் தூக்காதீங்க, வயசானவங்க விழுந்தா எலும்பு கூடாது, பார்த்துக்குங்க. அவர்களும் கொட்டாவியை முந்தானையில் மறைத்துக்கொண்டு தலையாட்டுவார்கள்.

பாடம் நடக்கிற இடம் குழந்தைகள் காப்பகத்து வராந்தா. சிலோனிலிருந்து திரும்பி வந்த குடும்பங்கள் அதிகம் என்பதால் அங்கே அதைப் பிள்ளைக்காம்பரா என்பார்கள். செலவைக் குறைக்கிறோம் என்று அங்கிருந்த இரண்டு ஆயாக்களில் ஒருத்தியை நிறுத்திவிட்டார்கள். மிச்சமிருந்தவள் என்ன செய்வாள்? தவழுகிற பிள்ளைகளின் இடுப்பில் பழைய சேலைத் துணியைச் சுற்றி, மறுமுனையை ஜன்னல் கம்பியில் கட்டிவிட்டுப் பால் காய்ச்சப் போவாள். நானும் அதைப் பார்த்தேன். முடிச்சுக்குள் இரண்டு விரல் நுழைகிறதா என்று பார்த்துவிட்டு, "சரிங்க" என்று வந்துவிட்டேன்.

அந்த மத்தியானம் பிரசவமான ஒரு பெண்ணைப் பார்க்க, தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருக்கிற மேல் லைனுக்குப் போனேன். எல்லோரும் மலையில் இருந்தார்கள். பள்ளத்துக்கு அந்தப் பக்கத்து ஃபேக்டரியின் சங்கு அப்போதுதான் ஊதி ஓய்ந்திருந்தது. கடைசி வீட்டுக்குள்ளிருந்து ஓர் ஆண் குரல் கத்தியது. "அவுத்து விடுங்கடா! வேலைக்கு நேரமாச்சுடா!"

கதவு சும்மா சாத்தியிருந்தது. தள்ளினேன். தரையில் பாய்மேல் ஒரு பெரியவர். நரைத்த மார்பு, நல்ல உயரம். இடுப்பில் சேலைத் துணி, மறுமுனை ஜன்னல் கம்பியில். பிள்ளைக்காம்பராவில் போடுகிற அதே முடிச்சு. என்னைக் கண்டதும் அவர் கை கூப்பினார். "தாயே, எவனோ என்னெக் கட்டிப்போட்டுட்டான். அவுத்து விடும்மா."

அந்த முடிச்சை அவிழ்த்தேன். அவிழ்த்ததும் வாசலை நோக்கிக் கிளம்பினார். நான் குறுக்கே நின்றுகொண்டேன். "சங்கு ஊதிருச்சு, ட்ரையர் அடுப்பு ஆறிப்போயிரும், விடும்மா" என்று கெஞ்சினார். ஃபேக்டரியில் தேயிலையைக் காயவைக்கிற அந்த அடுப்புக்கு ஆயுசு முழுக்க விறகு போட்டவர் அவர் என்று பிறகு தெரிந்தது. பேச்சுக் கொடுத்துக்கொண்டே, சாப்பாட்டுக்கு மகள் இறங்கி வருகிறவரை அவரைப் பிடித்து வைத்திருந்தேன்.

மகள் வாசலில் கூடையை இறக்கினாள். அவிழ்ந்து கிடந்த துணியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"ஏனுங்க, பெத்த அப்பனைக் கட்டிப்போட உங்களுக்கு எப்படிங்க மனசு வந்துச்சு?" என்று ஆரம்பித்தேன். நன்மை செய், தீங்கு செய்யாதே, நோயாளியின் விருப்பத்தை மதி, உண்மையைச் சொல் என்று பள்ளியில் மனப்பாடம் செய்த அத்தனையும் வாயில் வரிசையாக வந்து நின்றன. தீப்பிடித்தால் இந்த மனுஷன் என்ன ஆவார் என்று கேட்டேன்.

"அடுப்புல தண்ணி ஊத்திட்டுத்தான் சிஸ்டர் போறேன்" என்றாள் அவள். "கயிறு அறுத்துரும்னு பழைய சேலையாப் பாத்து எடுத்தேன். ரெண்டு விரல் நுழையுற மாதிரிதான் முடிச்சு. அங்கிட்டுப் பிள்ளைகளெக் கட்டுறப்ப நீங்க ஒண்ணும் சொல்லலியே?"

கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. அது வேற, இது வேற என்று ஏதோ உளறினேன். எப்படி வேறு என்று அவள் கேட்கவில்லை.

"நாளைக்குக் காலையில வாங்க சிஸ்டர். வந்து அவருகிட்டயே கேளுங்க" என்றாள்.

போனேன். டாக்டரிடம் சொல்லுவதற்கு முன்னால் நேரில் இன்னொரு முறை பார்த்துவிடுவோம் என்று, பெரட்டுக்கு ஆட்கள் கூடுவதற்குள் போய்விட்டேன். பெரட்டு என்றால் காலையில் வேலை பிரித்துக் கொடுக்கக் கூட்டுகிற இடம். அதற்குப் பிந்தினால் அன்றைக்கு வேலை கிடையாது.

வாசலில் முந்தின நாள் பார்த்த அதே மனிதர் வெயிலுக்கு உட்கார்ந்து பால் விடாத சாயத் தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். முகம் கழுவி, தலை சீவி, சட்டைப் பொத்தான் எல்லாம் போட்டிருந்தார். "வாங்க நர்சம்மா, ஒக்காருங்க. நேத்து நான் ரொம்பக் கத்திட்டேனாம், மக சொன்னா. மனசுல வச்சுக்காதீங்க" என்றார். நான் வேறு யாரிடமோ பேசிக்கொண்டிருப்பது போல் இருந்தது.

உள்ளே மகள் கூடையை எடுத்தாள். அவர் எழுந்தார். கொடியில் கிடந்த சேலைத் துணியை அவரே எடுத்தார், அவரே இடுப்பில் இரண்டு சுற்றுச் சுற்றினார், முனையை மகளிடம் நீட்டினார்.

"கட்டும்மா, பெரட்டுக்கு நேரமாச்சு."

முந்தின நாள் பட்டது ஒன்றுமே இல்லை. இதுதான் எனக்கு அதிர்ச்சி. "ஐயா, நீங்களாங்க கட்டச் சொல்றீங்க?"

"நாந்தான் நர்சம்மா. காலையில எனக்கு எல்லாம் தெரியுது. ஃபேக்டரியெப் பூட்டிட்டாங்கன்னு தெரியுது. மத்தியானம் அந்தப் பக்கத்துச் சங்கு ஊதுனா எல்லாம் மறந்துருது. கெளம்பிப் போயிர்றேனாம். அங்க பூட்டெப் பாத்துட்டு அதுலயே தலையெ மோதிக்கிறேனாம். ரெண்டு தடவெ மண்டெ ஒடஞ்சு தூக்கிட்டு வந்தாங்க." நெற்றிக்கு மேல் முடியை விலக்கிக் காட்டினார். தையல் போட்ட தழும்பு இருந்தது.

"மத்தியானம் நீங்கதானுங்க அவுத்துவிடச் சொன்னீங்க."

"அந்த ஆளு பேச்செக் கேக்காதீங்க" என்றார்.

நோயாளியின் விருப்பத்தை மதி என்று சொல்லிக் கொடுத்தவர்கள், ஒரே உடம்பில் இரண்டு விருப்பம் இருந்தால் எதை மதிப்பது என்று சொல்லித் தரவில்லை. எனக்கு அவர்கள்மேல் கோபம் வந்தது. ஃபேக்டரியைப் பூட்டினவர்கள்மேல் வந்தது. சாவகாசமாகத் துணியைச் சுற்றிக்கொண்ட அந்தப் பெரியவர்மேலும் வந்தது. சங்கு ஊதுவதற்கு முன்னால் வந்து நானே அவிழ்த்துக் கூட இருக்கிறேன், இன்றைக்கு ஒரு நாள் என்னை நம்பி விடுங்கள் என்று கேட்டேன். அவர் என்னைக் கொஞ்சம் பரிதாபமாகப் பார்த்துவிட்டு, "சரி, கூட வாங்க. தனியா மட்டும் விட்டுராதீங்க" என்றார்.

சொன்னபடி போய் அவிழ்த்தேன். பேசிக்கொண்டிருந்தோம். என்னைக் கேலிகூடச் செய்தார், பாடம் நடத்துகிறபோது என் மூக்கு விடைக்கிறதாம். அப்போது சங்கு ஊதியது. பேச்சு பாதியில் நின்றது. என்னை யார் என்று தெரியாமல் பார்த்தார். எழுந்து செருப்பைத் தேடினார், கிடைக்கவில்லை, வெறுங்காலோடு கிளம்பினார். அத்தனை வேகம் அந்தக் காலில் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. செடிகளுக்கு நடுவே ஒற்றையடிப் பாதையில் அவர் பின்னாலேயே ஓடினேன்.

ஃபேக்டரி வாசலில் துருப்பிடித்த பெரிய பூட்டு. உள்ளே தேயிலை வாசனைகூட இல்லை. அவர் பூட்டைத் தொட்டுப் பார்த்தார். கம்பி இடுக்கு வழியாக உள்ளே பார்த்தார். திரும்பி என்னைப் பார்த்த முகத்தில் இருந்த திகைப்பை நான் அதற்குப் பிறகு, பெற்ற பிள்ளை இறந்ததைக் கேட்ட தாய்மார் முகத்தில்தான் பார்த்திருக்கிறேன்.

"பூட்டிட்டாங்களா? எப்பம்மா பூட்டுனாங்க? எனக்கு ஏன் யாருமே சொல்லல?"

அன்று காலை அவரே எனக்குச் சொன்ன செய்தி அது. எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் பூட்டை நோக்கிக் குனிந்தார். தலை போகிற திசை எனக்குத் தெரிந்தது. தோளைப் பிடித்து இழுத்தேன், என்னால் தாங்க முடியவில்லை. வாயில் வந்ததைச் சொன்னேன்.

"ஐயா, இன்னைக்கு லீவுங்க!"

நின்றார். "லீவா?"

"ஆமாங்க, லீவுங்க. நாளைக்குத்தான் ஃபேக்டரி."

"அதெ முன்னாலயே சொல்லக் கூடாதா?" என்று சலித்துக்கொண்டு துண்டை உதறித் தோளில் போட்டார். வீட்டுக்குத் திரும்பி நடந்தார். வழியில் ஒரு கொழுந்தைக் கிள்ளி மோந்துகூடப் பார்த்தார். நான் பின்னாலேயே நடந்தேன். நோயாளியிடம் பொய் சொல்லக் கூடாது என்று அதே வாயால் சத்தியம் செய்தவள் நான்.

மறுநாள் காலை முதல் வேலையாகப் போய் அவரிடம் சொல்லிவிட்டேன். நேற்று உங்களை ஏமாற்றினேன், இன்றைக்கு லீவு என்று பொய் சொன்னேன் என்றேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன்.

யோசித்தார். "தலையெ மோதிக்கிட்டேனா?"

"இல்லைங்க."

"அப்ப அதெயே சொல்லுங்க. நாந்தான் சொல்றேனே, சொல்லுங்க." மகளைத் திரும்பிப் பார்த்தார். "நீயும் சொல்லு."

அதன் பிறகு அவரைக் கட்டவில்லை. பகலில் பிள்ளைக்காம்பரா வராந்தாவில் ஒரு நாற்காலி போட்டோம். ஃபேக்டரிக்குப் போகிற பாதை அதை ஒட்டித்தான் போகிறது. ஒற்றை ஆயா அங்கிருந்தாள், டிஸ்பென்சரி கூப்பிடு தூரம். சங்கு ஊதி அவர் எழுந்தால் நானோ ஆயாவோ "லீவு" என்போம், உட்கார்ந்துவிடுவார். தினமும் காலையில் அந்தக் கணக்கை அவரிடமே ஒப்படைத்துவிடுவேன். "நேத்து என்ன லீவு விட்டீங்க?" என்று கேட்பார். "தீபாவளிங்க" என்பேன். "போன வாரமும் தீபாவளிதானே, வேற நோம்பி கெடைக்கலியா?" என்று சிரிப்பார். என்னுடைய பொய்க்கு ஒவ்வொரு காலையும் அவர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார் என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன். அந்த தைரியத்தில்தான் மத்தியானங்களில் அவர் முகத்தைப் பார்க்க முடிந்தது.

பிள்ளைகளைக் கட்டுவதையும் விட்டோம். வராந்தா வாசலுக்கு மரச்சட்டம் அடித்து ஒரு தடுப்புப் போட்டுக் கொடுக்க, மேஸ்திரியிடம் நான் போட்ட சண்டை தோட்டம் முழுக்கக் கேட்டதாம்.

மழைக்காலம் வந்தது. ஒரு காலையில் வழக்கம்போல் போனேன். அவர் வாசலில் இல்லை. உள்ளே நின்று சட்டையை உள்பக்கம் வெளியே தெரிய மாட்டிக்கொண்டிருந்தார். மகள் அவருக்குப் பொத்தானைச் சரிசெய்ய முயன்றுகொண்டிருந்தாள்.

"ஐயா, நேத்து பொங்கலுக்கு லீவு விட்டோமுங்க" என்றேன், அவர் சிரிப்பார் என்று.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "யாரும்மா நீ? சங்கு ஊதிருச்சா?"

சங்கு ஊத இன்னும் நெடுநேரம் இருந்தது. மகளின் கை அப்படியே நின்றுவிட்டது. நான் காத்திருந்தேன். விளையாடுகிறார், இப்போது சிரித்துவிடுவார் என்று காத்திருந்தேன். அவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். அதுவரை எத்தனையோ தடவை கூசாமல் சொன்ன சொல் அன்றைக்கு எனக்கு வரவில்லை. "நாந்தான் சொல்றேனே, சொல்லுங்க" என்று அனுமதி கொடுத்த அந்தக் காலை மனிதர் அங்கே இல்லை.

கடைசியில் மகள்தான் சொன்னாள். "இன்னிக்கு லீவுப்பா."

"அப்படியா" என்று பாயில் உட்கார்ந்தார்.

வெளியே பெரட்டுக்குக் கூப்பிடுகிற சத்தம் கேட்டது. அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு, கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு மழைக்குள் ஓடினாள். நான் அவர் சட்டையைக் கழற்றித் திருப்பிப் போட்டுவிட்டேன்.